வன்னிக்கு விருந்தாகப் போகிறீர்களா?

ஜப்பானுக்குச் சுற்றுலா போகிறவர்களுக்கென்று பிரயாண முகவர்கள் அச்சடித்துத் தரும் கைந்நூல்களை நீங்கள் பார்த்திருக்கலாம். நகரத்து ஹோட்டலில் தங்கினால் ஜப்பானியரின் வாழ்க்கை தெரியாது. கிராமத்தில் ஒரு குடும்பம் நடத்தும் 'மின்ஷுகு' என்ற சிறு விடுதியில் தங்குங்கள் என்று அவற்றில் ஆலோசனை இருக்கும். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். 'தத்தாமி' என்ற புற்பாயின்மேல் படுக்கை விரித்து உறங்க வேண்டும். வெந்நீர்த் தொட்டியில் இறங்குமுன் வெளியே உட்கார்ந்து உடம்பை நன்றாகக் கழுவிக்கொள்ள வேண்டும். ஏனெனில் தொட்டித் தண்ணீர் வீட்டிலுள்ள எல்லோருக்கும் பொது. அந்தப் பருவத்தில் நிலம் எதைக் கொடுத்ததோ அதையே உண்ண வேண்டும். இதற்காக இலட்சக்கணக்கில் செலவழித்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

போகட்டும், நல்லதுதான். ஆனால் அன்பு வாசகர்களே, வாசலில் செருப்பைக் கழற்றி, பாயில் படுத்து, பொதுத் தண்ணீருக்கு மரியாதை கொடுத்து, பருவம் தந்ததை உண்டு வாழும் மக்களைக் காண நமக்குக் கப்பலும் விமானமும் தேவையில்லை. கொழும்பிலிருந்தோ புத்தளத்திலிருந்தோ பஸ் ஏறினால் போதும். வன்னிக்குப் போங்கள். வன்னி முழுவதையும் நான்கு நாளில் பார்த்துவிட முடியாது. ஆகவே ஒட்டுசுட்டானுக்குப் போங்கள்.

ஏ-9 வீதியால் யாழ்ப்பாணம் போகிற நம்மவர்கள் அதிகம். வழியில் கிளிநொச்சியில் தேநீர் குடித்து, வாகனத்தின் கண்ணாடியூடாக இரண்டு படம் பிடித்துவிட்டு, "வன்னியையும் பார்த்தாயிற்று" என்று சொல்கிறார்கள். வேறு சிலர் யுத்தம் நடந்த இடங்களை மட்டும் தேடிப் போய்ப் பார்த்துத் திரும்புகிறார்கள். இரண்டு கூட்டத்தாரும் வன்னியில் வாழுகிற மனிதரைச் சந்திக்காமலே வந்துவிடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

வழியும் பருவமும்

மாங்குளத்தில் ஏ-9 வீதியிலிருந்து கிழக்கே பிரிந்து முல்லைத்தீவுக்குப் போவது ஏ-34 பாதை. அதில் ஏறத்தாழப் பாதி வழியில் இருக்கிறது ஒட்டுசுட்டான். வவுனியாவிலிருந்து வருபவர்கள் புளியங்குளத்தில் திரும்பி நெடுங்கேணி வழியாகவும் வரலாம். காட்டுக்குள்ளால் போகும் அந்த வழிதான் அழகானது. ஆனால் பொழுது சாய்ந்தபின் அந்த வழியே வேண்டாம்; யானை உலாவும் பாதை. மோட்டார் சைக்கிளில் இராப்பிரயாணம் செய்யவே கூடாது. ரயிலில் வர விரும்புவோர் மாங்குளத்தில் இறங்கலாம். அன்றைய ஓட்டத்தைப் புறப்படுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

எப்போது போவது? நவம்பர், டிசம்பர் மாதங்களில் மழை கொட்டும்; பாதைகள் வெள்ளத்தில் மூழ்குவதும் உண்டு. மாசி, பங்குனியில் காலபோக நெல் அறுவடை. வன்னியை வன்னியாகக் காண அதுவே தக்க காலம். வயலில் ஆட்கள், வீட்டில் புதுநெல், முகத்தில் களிப்பு. ஆனி, ஆடி மாதங்களில் வெயில் கடுமை, கிணறுகளில் தண்ணீர் கீழே போய்விடும். ஆனால் பாலைப்பழம், வீரைப்பழம் அப்போதுதான் கிடைக்கும். பாலைப்பழத்தை முதன்முதல் தின்னும் பிள்ளைகளின் உதடுகள் பாலினால் ஒட்டிக்கொள்ளும், பயப்பட ஒன்றுமில்லை.

அந்தக் காலத்தில் வன்னி என்றாலே யாழ்ப்பாணத்தாரும் அஞ்சினார்கள். காரணம் மலேரியாக் காய்ச்சல். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்துவிட்டது. என்றாலும் நுளம்பு வலையைக் கொண்டுபோங்கள். டெங்கு இருக்கிறது என்பது ஒரு காரணம். தரையில் பாய் விரித்துப் படுப்பவரை இரவில் விரியன் பாம்பு கடிப்பதுண்டு என்பது மற்றக் காரணம். வலையின் ஓரத்தைப் பாயின் அடியில் நன்றாகச் செருகிவிட்டால் இரண்டுக்கும் காப்பு. இருட்டில் கிணற்றடிக்குப் போக டோர்ச் லைட் அவசியம்.

இன்னொரு எச்சரிக்கையை விளையாட்டாக எண்ணாதீர்கள். சிவப்புப் பலகையில் மண்டையோடு வரைந்திருந்தால் அதற்கு அப்பால் ஓர் அடியும் வைக்கக் கூடாது. அது மிதிவெடி அகற்றி முடியாத நிலம். 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்த இலங்கை, வேலையை 2028க்குள் முடிக்க வேண்டும். மேலே ஜப்பானைச் சொன்னேனே, வடபகுதியில் வெடி அகற்றும் வேலைக்கு நெடுங்காலமாகப் பணம் கொடுத்துவரும் நாடுகளில் அதுவும் ஒன்று. கண்ட ஒற்றையடிப் பாதையிலெல்லாம் பிள்ளைகளை ஓட விடாதீர்கள். வீட்டார் நடக்கிற பாதையில் நடவுங்கள்.

ஊரின் பெயரும் குளமும்

ஒட்டுசுட்டான் என்ற பெயருக்கு ஊரார் சொல்லும் கதை இது. ஒரு விவசாயி குரக்கன் அறுத்தபின் நிலத்தில் எஞ்சிய ஒட்டைச் சுட்டான். அப்போது எரியாத ஒரு சிவலிங்கம் அங்கே காணப்பட்டது. ஒட்டைச் சுட்ட இடம் ஒட்டுசுட்டான் ஆயிற்று. தான்தோன்றீஸ்வரர் கோயிலின் வரலாறும் அதுவே. நமக்கு அந்த வணக்கம் இல்லை. ஆயினும் ஊருக்கு நடுநாயகமான இடம் அது என்பதை அறிந்து நடந்துகொள்வது விருந்தாளியின் கடமை. ஒரு பெயருக்குள் எவ்வளவு வாழ்க்கை இருக்கிறது பாருங்கள்! காடு வெட்டி, சுட்டு, குரக்கன் விதைத்து, மறு வருடம் வேறிடம் போகும் சேனைப் பயிர்ச்செய்கை; அதில் உழைத்த ஏழை விவசாயி; எல்லாம் அந்த ஒரு சொல்லில் உண்டு.

சேனைக்குப் பின் வந்தது குளத்து நீர். ஒட்டுசுட்டானுக்கு அண்மையில் உள்ள முத்தையன்கட்டுக் குளத்துக்கு ஒரு மாலை நேரத்தை ஒதுக்கிவையுங்கள். குளக்கட்டில் நின்று பார்த்தால் மறுகரை காட்டுக்குள் மறைந்துவிடும். தண்ணீர் திறந்துவிடும் இடத்தைத் துருசு என்றும், நிறைந்து வழியும் இடத்தை வான் என்றும் சொல்வார்கள். "வான் பாயுது" என்று யாராவது சொன்னால் ஊரே பார்க்கப் போகும். இடதுகரை, வலதுகரை என்று வாய்க்கால்களுக்கு வைத்த பெயர்கள் குடியிருப்புகளின் பெயர்களாகவே நிலைத்துவிட்டன. விலாசம் கேட்டால் "வலதுகரை" என்பார்கள். ஆற்றங்கரை என்று நினைத்துத் தேடாதீர்கள்.

இங்கே குடியிருப்பவர்கள் எல்லோரும் பரம்பரை வன்னியார் என்று எண்ணவும் வேண்டாம். 1960களில் படித்த வாலிபர் திட்டம் என்று அரசாங்கம் காணி கொடுத்து யாழ்ப்பாணத்து இளைஞர்களை இங்கே குடியேற்றியது. 1970களின் முற்பகுதியில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது மிளகாயும் வெங்காயமும் அவர்களுக்கு நல்ல காசு கொடுத்தன. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் அந்தச் செழிப்பு சரிந்தது. 1977, 1983 கலவரங்களுக்குப் பின் மலையகத் தமிழர் பலர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வன்னிக்கு வந்தனர். ஆகவே ஒரே ஒழுங்கையில் மூன்று விதமான தமிழைக் கேட்கலாம். நமது பேச்சு நாலாவதாகச் சேர்ந்தால் யாரும் வியப்படைய மாட்டார்கள்.

சரித்திர ஆர்வம் உள்ள பிள்ளைகளைக் கற்சிலைமடுவுக்குக் கூட்டிப்போங்கள். 1803 ஆகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையை வெள்ளையரிடமிருந்து பிடித்த பண்டாரவன்னியன், அதே ஆண்டு ஒக்டோபர் 31ஆம் திகதி கப்டன் வொன் டிரிபேர்க்கின் படையிடம் தோற்றது அங்கேதான். அதற்கு நடுகல் வைத்தவர்கள் வென்றவர்கள். அதைத் தம்முடைய நினைவுச் சின்னமாக்கிக்கொண்டவர்கள் தோற்றவனின் மக்கள்.

வீட்டுக்குள் போனபின்

ஒட்டுசுட்டானில் பெரிய விடுதி ஒன்றையும் எதிர்பார்க்காதீர்கள். முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் தங்குமிடங்கள் உண்டு. ஆனால் நான் சொல்வது ஒரு வீட்டில் தங்குவதைப் பற்றி. அதற்குத் தெரிந்தவர் ஒருவர் வேண்டும். முன்னறிவிப்பில்லாமல் வாசலில் போய் நிற்பது அழகல்ல. வியாபாரத் தொடர்பு உள்ளவர்கள், ஆசிரியர்கள், ஒன்றாக வேலை செய்தவர்கள் என்று யாராவது ஒருவர் வாயிலாகச் சொல்லி அனுப்பிவிட்டுப் போங்கள்.

"வாங்கோ, இருங்கோ" என்பார்கள். இருந்த உடனே தேத்தண்ணி வரும். அதை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். சீனியோ பனங்கட்டியோ கூட வரும். உங்களுக்கு நீரிழிவு இருந்தால் முதலிலேயே சொல்லிவிட்டு வெறுந்தேநீராகவேனும் வாங்கிக் குடியுங்கள். வயதான பெண்ணை "அம்மா" என்றும், ஆணை "ஐயா" என்றும், உங்களை விடச் சற்று மூத்தவர்களை "அண்ணை", "அக்கா" என்றும் அழைத்தால் போதுமானது. நம் வழக்கப்படி மூத்த சகோதரியைத் "தாத்தா" என்றால், அங்கே அது கிழவரைக் குறிக்கும், சிரிப்புத்தான் வரும்.

சாப்பாடு பற்றிச் சகோதரிகள் கட்டாயம் கேட்பார்கள். இதில் சங்கடப்பட ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமைகளிலும் விரத நாட்களிலும் சைவ வீடுகளில் மச்சம் சமைக்க மாட்டார்கள். அன்று உங்களுக்கு யோசனையே வேண்டாம். மற்ற நாட்களில் குளத்து மீனும் முல்லைத்தீவுக் கடல் மீனும் தாராளம். "நாங்கள் மரக்கறியும் மீனும் முட்டையும் சாப்பிடுவோம்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். கோழிதான் தரவேண்டுமென்று வீட்டார் பிடிவாதமாக நின்றால், அறுப்பதை உங்கள் ஆண்களே செய்து கொடுக்கலாம். யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள். ஆனால் காட்டிறைச்சி, வற்றல் என்று அன்போடு எதையாவது நீட்டினால் மெதுவாக மறுத்துவிடுங்கள். அது எப்படி அறுக்கப்பட்டது என்பது நமக்குத் தெரியாது. அதோடு மான், மரை வேட்டை சட்டப்படி குற்றம். உங்களால் அவர்களுக்கும் தொல்லை வரக்கூடாது.

குரக்கன் பிட்டு, புதுநெல் அரிசிச் சோறு, மண் சட்டியில் உறைந்த தயிர், காட்டுத் தேன் இவற்றைச் சுவைக்காமல் வராதீர்கள். விருந்தாளி உண்டபின்தான் வீட்டார் உண்பார்கள். "இன்னும் போடுங்கோ" என்று உபசரிக்கும்போது சட்டியில் எவ்வளவு மீதி இருக்கிறது என்று ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் இல்லை என்று சொல்லவே மாட்டார்கள். நாம்தான் போதும் என்று சொல்ல வேண்டும்.

குளிப்புக்குக் கிணற்றடி. கிடுகோ தகரமோ அடைத்த மறைப்பு உண்டா என்று பெண்கள் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. குளத்தில் குளிப்பதானால் குறுக்குக்கட்டோடு குளிக்கும் ஊர்ப் பெண்கள் இருப்பார்கள். நம் ஆண்கள் அந்த நேரத்தில் அந்தப் பக்கம் போகாதிருப்பது ஒழுக்கம். கோடையில் ஒரு வாளித் தண்ணீருக்கு அவர்கள் எவ்வளவு கயிறு இழுக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். ஒரு சிறு குவளை நீரால் வுழூச் செய்யலாம் என்று நமக்கு மார்க்கம் சொல்லித் தந்திருக்கிறதே, அதை அங்கே செய்துகாட்டுங்கள். கிப்லா, மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்த திசை. தொழ இடம் கேட்டால் கூடத்தைக் கூட்டித் துடைத்துப் பாய் விரித்துத் தருவார்கள். பூஜை அறைப் பக்கம் வேண்டாம் என்று நாமாகவே சொல்லிவிட்டால் இரு பக்கத்தாருக்கும் இலேசு.

கேட்கக் கூடாத கேள்வி

ஏறத்தாழ எல்லா வீடுகளிலும் சுவரில் மாலை போட்ட படம் ஒன்று இருக்கும். சில வீடுகளில் மாலை இல்லாத படம் இருக்கும். அதுதான் இன்னும் கனமானது. மாலை போடவில்லை என்றால், அந்தப் பிள்ளை இறந்துவிட்டதாக அந்தத் தாய் ஏற்கவில்லை என்று பொருள். 2017இல் முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் வீதியோரம் உட்கார்ந்து போராட்டம் தொடங்கினார்கள். அந்தத் தாய்மாரில் ஒருவர் உங்களுக்குச் சோறு போடுகிறவராகவும் இருக்கலாம்.

ஆகவே படத்தைக் காட்டி "இது யார்?" என்று கேட்காதீர்கள். "யுத்தத்தின்போது எங்கே இருந்தீர்கள்?" என்றும் கேட்க வேண்டாம். 2008இன் இறுதியிலும் 2009இன் தொடக்கத்திலும் இந்த ஊர் மக்கள் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு கிழக்கே நடந்தார்கள்; உயிர் தப்பியவர்கள் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் அடைபட்டார்கள்; அந்த முகாம் 2012 செப்டெம்பரில்தான் முற்றாக மூடப்பட்டது. இவ்வளவும் உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும். சொல்ல விரும்பினால் அவர்களே சொல்வார்கள். பெரும்பாலும் இரண்டாம் நாள் இரவில், விளக்கணைக்கும் நேரத்தில், ஆரம்பிப்பார்கள். அப்போது குறுக்கே பேசாமல் கேளுங்கள். கைபேசியை எடுத்துப் பதிவு செய்யாதீர்கள். முள்ளிவாய்க்காலுக்குப் போய்ப் பார்க்கவேண்டுமானால் அதை அவர்களிடம் சுற்றுலா போலக் கேட்காமல், "போகலாமா?" என்று அனுமதியாகக் கேளுங்கள். இராணுவ முகாம்களைப் படம் பிடிக்க வேண்டாம்.

புத்தளத்திலிருந்து போகும் வாசகர்களுக்கு

உங்களில் சிலருக்கு வன்னி வெறும் பிரயாண ஊர் அல்ல. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது முல்லைத்தீவு மாவட்டத்து முஸ்லிம்களும் வெளியேறினார்கள். நீராவிப்பிட்டி, தண்ணீரூற்று, ஹிஜ்ராபுரம் என்ற பெயர்களை உங்கள் வாப்பாவும் உம்மாவும் சொல்லக் கேட்டு வளர்ந்திருப்பீர்கள். ஒட்டுசுட்டானிலிருந்து முல்லைத்தீவு வீதியால் கிழக்கே போனால் முள்ளியவளைப் பக்கத்தில் அந்த ஊர்கள் வரும். ஜும்ஆவை அங்கே தொழும்படி உங்கள் நாட்களை அமைத்துக்கொள்ளுங்கள். 2009க்குப் பின் திரும்பி வந்து குடியேறிய குடும்பங்களை அங்கே சந்திக்கலாம்.

உங்கள் குடும்பத்துக் காணியைத் தேடிப் போவதானால் எல்லை தெரிந்த மூத்தவர் ஒருவரைக் கூட்டிப்போங்கள். வீடு அழிந்திருக்கலாம், வேலி போயிருக்கலாம். கிணறும் புளியமரமும் பெரும்பாலும் நிற்கும். உறுதிப் பத்திரங்களைக் கிராம சேவகரிடம் காட்டிப் பேசுவது வேறு வேலை; அதை விருந்தோடு கலக்காதீர்கள். மீள்குடியேற்றத்துக்குக் காணி ஒதுக்குவது பற்றி, கூழாமுறிப்புப் போன்ற இடங்களில் காடு வெட்டுவது பற்றி, 2010களில் கடுஞ்சர்ச்சைகள் நடந்தன. ஊர் மக்களின் மனத்தில் அது இன்னும் ஆறவில்லை. காணி நமது உரிமை. அதைக் கேட்கும் இடம் சாப்பாட்டுப் பாய் அல்ல.

ஒன்று மட்டும் சொல்வேன். கூடாரத்தில் தகரத்தட்டு ஏந்தி வரிசையில் நின்றவர்கள் இரண்டு பக்கத்திலும் இருக்கிறார்கள். புத்தளத்து அகதி முகாமில் பிறந்த உங்கள் மகளும், மெனிக் பாமில் வளர்ந்த அவர்களுடைய மகளும் ஒரே கிணற்றடியில் உட்கார்ந்து பேச இடம் கொடுத்துவிட்டுப் பெரியவர்கள் சற்று அப்பால் போய்விடுங்கள்.

புறப்படும்போது

போகும்போது என்ன கொண்டுபோவது? தேயிலை, சீனி, பிள்ளைகளுக்குக் கொப்பி, பேனை. உடுத்துப் பழகிய பழைய துணிகளைக் கட்டாகக் கட்டிக்கொண்டு போகாதீர்கள். அவர்கள் நிவாரணம் வாங்கிக் களைத்தவர்கள். கையில் காசு வைத்தால் வாங்க மாட்டார்கள். அதற்கு வழி இருக்கிறது. தேன், குரக்கன் மா, உழுந்து, பயறு என்று அந்த வீட்டில் விளைந்ததை விலைபேசாமல் வாங்குங்கள். கேட்ட விலைக்கு மேல் சற்று வைத்துக் கொடுத்தால் அதை வீட்டுப் பெண்ணின் கையில் கொடுங்கள்.

விடைபெறும்போது "போறன்" என்று சொல்வது அங்கே நல்ல சகுனமல்ல. "போயிட்டு வாறன்" என்று சொல்லுங்கள். பையில் எதையாவது கட்டி வைத்துத் தருவார்கள், மறுக்காதீர்கள். தேன் போத்தலாக இருந்தால் மூடியில் கடதாசி சுற்றி நிமிர்த்தியே வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் சாய்ந்தால் உடுப்பெல்லாம் தேன்தான். மத்தியானத்துக்குள் வீதிக்கு வந்துவிடுங்கள், பொழுதுபட்டால் பஸ் குறைவு.